பதினேழாம் புட்டி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இருபத்து நான்கு புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசை. அவள் புட்டியைத் துடைத்து நீட்டினாள். நான் சீட்டை உரித்து ஒட்டி, வரிசை பார்க்காமல் கூடையில் போட்டேன். நாற்பது நிமிடம். அதற்குள் இரண்டு தவறு செய்தேன். ஒன்றை அன்றைக்கே கண்டுபிடித்துப் பெருமையோடு திருத்தினேன். மற்றது அந்தத் திருத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அசிங்கம் முழுசாகத் தெரியும். ஆய்வுக்கூடத் தராசுகளையும் வெப்பமானிகளையும் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுப்பவள் நான். கருவி ஒழுங்காகக் காட்டினால் பச்சை ஸ்டிக்கர். கொஞ்சம் விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. ஒரு மில்லிகிராம் விலகலை மூடிய கதவுக்கு வெளியே நின்றே மோப்பம் பிடிப்பேன் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியது நான்தான்.

புட்டிகளில் இருந்தவை மூலிகைப் பொடிகள். எல்லாமே கசப்பு. அம்மா முப்பத்தொரு வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சரக்கு அறையில் வேலை பார்த்தாள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். இப்போதெல்லாம் சரக்கு வேராகவும் பட்டையாகவும் வருவதில்லை, பொடியாகவே வருகிறது, பொடியில் எல்லாம் ஒரே பழுப்பு, புதிதாக வந்தவர்கள் திணறுகிறார்கள் என்றார். கசப்புச் சரக்குகளுக்கு மட்டும் ஒரு மாதிரிப் பெட்டி வேண்டும். வந்த பொடியைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இனி உள்ளே எடுப்பார்கள். பெட்டியில் ஒரு பெயர் தவறினால், தவறு நேராக எங்கோ ஒரு நோயாளியின் கஷாயத்தில் போய் இறங்கும்.

"ஒவ்வொரு புட்டிக்கு நேரா உங்க கையெழுத்து இருந்தா போதும்மா. வேற பரிசோதனையே வேண்டாம்" என்று மேலாளர் ஒரு தாளையும் கொடுத்தனுப்பினார். இருபத்து நான்கு வரி, இருபத்து நான்கு கட்டம்.

அம்மா அங்கே சேர்ந்தது இருபத்தொன்பது வயதில், சாக்குகளில் மையால் எண் போடுகிற வேலைக்கு. முதல் வாரத்திலேயே அங்கிருந்த வைத்தியர் ஒரு சீட்டை நீட்டி, கடுகரோகிணி இரண்டு கிலோ எடுத்துவரச் சொன்னார். அவள் ஒரு மூட்டைக் கடுகை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். அறையே சிரித்தது. யாரோ உண்மையான சரக்கை எடுத்துக் காட்டினார்கள். பென்சில் தடிமனில் ஒரு காய்ந்த வேர். அம்மா அதைப் பிடுங்கி, பாதியை ஒடித்து வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினாள். "இனிமே மறந்தா கேளுங்க" என்றாளாம். மறுநாள் காலை வரை தண்ணீர்கூடக் கசந்தது என்பதை எனக்கு மட்டும்தான் சொன்னாள்.

அவளுடைய வேலையை இப்படிச் சுருக்கலாம். மருந்துக் குறிப்பில் இருப்பது சமஸ்கிருதப் பெயர். வியாபாரியின் சீட்டில் இருப்பது சந்தைப் பெயர். சாக்குக்குள் இருப்பது சில சமயம் மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்றும் ஒன்றுதானா என்று அவள் நாக்கு சொல்ல வேண்டும். என் வகுப்பில் எல்லோருடைய அம்மாவும் நாக்கைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். என் அம்மாவின் நாக்குக்குச் சம்பளம் வந்தது.

"உங்களுக்கென்னக்கா, என் சரக்கைக் கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று ஒரு வியாபாரி சொன்னபோது, "கண்ணை மூடிட்டுத்தாம்ப்பா வாங்குவேன். நாக்கை நீட்டிட்டு" என்றாளாம். அவர் மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முப்பத்தொரு வருடத்தில் ருசிக்காத சரக்குக்கு அவள் ஒரு கையெழுத்துக்கூடப் போட்டதில்லை.

அவளுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. அதில் கசப்பான எண்பத்து மூன்று பெயர்கள் மட்டும் தெரியும். குடஜம், துராலபா, கிராததிக்தம், படோலம், நிம்பம். அந்த மொழி பேசுகிற ஊர் ஒன்று இருந்து அங்கே அவளை இறக்கிவிட்டிருந்தால், சோறு கேட்கத் தெரியாமல் பட்டினி கிடந்திருப்பாள். ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மட்டும் சரளமாகப் பேசியிருப்பாள்.

ஒரே செடிக்கு நாலைந்து பெயர் உண்டு. பெயர் வைத்தவர்கள் கசப்பை நேராகச் சொல்லக் கூசி, சுற்றி வளைத்திருக்கிறார்கள் என்பது அம்மாவின் கட்சி. சீந்தில் கொடிக்கு மதுபர்ணி, அதாவது தேன் இலை, என்று ஒரு பெயர். அதற்கே சின்னருஹா என்று இன்னொன்று. வெட்டினாலும் துளிர்ப்பது என்று பொருள். ஆடாதொடைக்கு வாசா. அதையே வைத்தியமாதா என்றும் சொல்வார்கள், வைத்தியனுக்கு அம்மா. கடுகரோகிணிக்கு மத்ஸ்யபித்தா. மீனின் பித்தம். "பேர் வச்சவங்கள்ல இவன் ஒருத்தன்தான் வாயில போட்டுப் பாத்துட்டு வச்சிருக்கான்" என்பாள்.

இந்தப் பெயர்களை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அப்பா மதுபர்ணி. "பேரு தேன் இலை. கடிச்சுப் பாத்தவளுக்குத்தான் தெரியும்" என்று அவர் முன்னாலேயே சொல்வாள், அவரும் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டுவார். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் துராலபா. முள்செடி, கிட்டே போக முடியாது. நான் சின்னருஹா. இருபது வயதில் அவளோடு சண்டை போட்டு, இனி இந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று பெட்டியோடு விடுதிக்குப் போனேன். மூன்றாம் நாள் அழுக்குத் துணியோடு திரும்பி வந்தேன். அன்று வைத்த பெயர்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, மத்ஸ்யபித்தா. அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் அத்தை ஒரு கூட்டத்தில், "எங்க அண்ணி பக்கத்துல உக்காந்தா மாத்திரையே வேண்டாம், வாடையிலேயே வியாதி ஓடிடும்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பெயர் வைத்தாள். அந்தப் பெயர் அத்தைக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வது எங்கள் குடும்பத்தின் ஒரே ஒற்றுமை.

சரி, புட்டிகளுக்கு வருகிறேன்.

அம்மா அவற்றை மேசையில் தன் வரிசைப்படி வைத்திருந்தாள். லேசான கசப்பு முதலில், கொடுங்கசப்பு கடைசியில். ருசிப்பவர்கள் அப்படித்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவதிலேயே நாக்கு மரத்துவிடும். ஒன்று முதல் இருபத்து நான்கு வரை அந்த வரிசை அவள் மனதில் இருந்தது. கடைசி, கடுகரோகிணி. என் கணினியோ பெயர்களை அகரவரிசையில் அச்சடித்திருந்தது. வரிசைகள் இரண்டும் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா கண்ணாடி போட்டிருக்கவில்லை. நான் இருக்கும்போது எதற்கு என்று கழற்றி வைத்திருந்தாள்.

"அத்தை போன் பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

"மத்ஸ்யபித்தாவா? பண்ணா. என் உடம்பை விசாரிச்சா. விசாரிச்சதுலேயே எனக்கு லேசா காய்ச்சல்."

"ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியாச்சும்மா. இன்னும் என்ன?"

"கசப்புக்கு வயசு கிடையாதுடி. மூடி மட்டும் சரியா இருந்தா முப்பது வருஷம் வரும்."

சிரித்ததில் பதினேழாவது சீட்டு என் விரலில் சுருண்டு ஒட்டிக்கொண்டது. உதறினேன், எங்கேயோ போய் விழுந்தது. அடுத்த சீட்டை எடுத்து ஒட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு புட்டி மட்டும் மொட்டையாக நின்றது. விட்டுப்போன பெயரை மறுபடி அச்சடித்து அதில் ஒட்டிக் கூடையில் போட்டேன். இருபத்து நான்கு புட்டி, இருபத்து நான்கு சீட்டு. எண்ணிக்கை சரி. எண்ணிக்கை சரியாக இருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். இருபத்து நான்கில் அது ஒன்றுதான் பழுப்பில்லை. மரமஞ்சள் பொடி.

"குடஜம் எப்போலேருந்துடி மஞ்சளாச்சு?"

பார்த்தேன். மரமஞ்சள் அவள் வரிசையில் ஏழாவது. குடஜம் என் அகரவரிசையில் ஏழாவது. என்ன நடந்தது என்று ஒரு நொடியில் புரிந்தது. அதற்கடுத்த நொடியில் திருத்தும் வழியும் புரிந்தது. வெட்கப்படக்கூட நேரம் கொடுக்காமல் பேச ஆரம்பித்தேன்.

"ஏழாவது புட்டியில ஏழாவது சீட்டு. அப்போ எல்லாமே அப்படித்தான் இருக்கும். சீட்டைப் பாத்தா அது எத்தனாவது புட்டின்னு தெரிஞ்சுடும். நீ உன் வரிசையை மட்டும் சொல்லு. எதையும் மறுபடி ருசிக்க வேண்டாம். பத்து நிமிஷ வேலை."

அம்மா மூச்சு விடாமல் இருபத்து நான்கு பெயர்களையும் ஒப்பித்தாள். நான் புதுச் சீட்டு அச்சடித்துப் பழையதன் மேலேயே ஒட்டி, பெட்டியின் இருபத்து நான்கு குழிகளிலும் எண் பார்த்து இறக்கினேன்.

ஒரே ஒரு புட்டியை வைத்து இருபத்து நான்குக்கும் தீர்ப்பு. என் தொழிலில் ஒரு புள்ளியில் மட்டும் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தேன், அதனால் தைரியம்.

"நீ படிச்சவ. இருந்தாலும் ருசிக்காம நான் கையெழுத்து போட மாட்டேன்" என்றாள். மூன்றாவது புட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கூரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ம், சரிதான்" என்றாள். "மிச்சத்தை நிதானமா பாத்துக்கிறேன். நீ கிளம்பு, பஸ் போயிடும்."

கிளம்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசினேன். பெட்டி முடிந்ததா என்று கேட்டேன். "ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருக்கு. நாளைக்குப் போயிட்டு வந்தா முடிஞ்சுடும்" என்றாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அழைப்புப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. அளவு எடுப்பதில் மட்டும் நான் குறை வைத்ததில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை குளியலறைக்குப் போனவள் விழுந்தாள். மருத்துவமனை சேருவதற்குள் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். அப்பா இரண்டு நாள் அவளுடைய செருப்பை வாசலிலிருந்து எடுக்க விடவில்லை.

இரண்டு வாரம் கழித்து மேலாளர் தயங்கித் தயங்கிப் பேசினார். புதுச் சரக்கு வந்து நிற்கிறதாம். பெட்டியைத் தேடினேன். அலமாரிக்கு மேல் துணி போர்த்தி வைத்திருந்தாள். தாளை எடுத்துப் பார்த்தேன். பதினாறு கட்டங்களில் கையெழுத்து. பதினேழிலிருந்து காலி. எட்டுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிடலாம், கணக்குதான் சரியாக இருக்கிறதே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அத்தை வாசலில் நின்றாள். அந்த இரண்டு வாரமும் அவள்தான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"பெட்டியைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்ட?"

"தொழிற்சாலைக்கு. கேட்டுக்கிட்டே இருக்காங்க அத்தை."

"பதினேழு சரியில்லையே."

பெட்டியைக் கீழே வைத்தேன். இந்தப் பெட்டியில் பதினேழு என்று ஒன்று இருப்பதே அத்தைக்கு எப்படித் தெரியும்?

"உங்களுக்கு யார் சொன்னது?"

"என் நாக்கு சொல்லிச்சு" என்றாள் அத்தை. தூக்குப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். "உங்கம்மாவுக்கு நாக்கு செத்துப் பத்து மாசம் ஆச்சு. போன வருஷம் படுத்தாளே, அந்தக் காய்ச்சலோட போச்சு. உப்பு, புளி, கசப்பு ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நான் சமைத்ததை அவள் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் சமைத்ததை அதற்கு முன் மனிதர் யாரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. நியாயமாக அப்போதே எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். நானோ என் கைப்பக்குவம் தேறிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் சர்க்கரை போட மறந்து தேநீர் கொடுத்தேன், ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அன்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மில்லிகிராம் விலகலை மோப்பம் பிடிப்பவள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிடுவியாம். அவளே சொன்னா."

அப்பா அறையிலிருந்து இருமினார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று இருமலில் தெரிந்தது.

"அதுக்கு உங்ககிட்ட எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"எப்படி வந்தான்னுதானே கேக்கற? வேற வழி இல்லாம வந்தா. எங்க அண்ணன் நாக்கு சர்க்கரை தவிர எதையும் ஒத்துக்காது. அக்கம்பக்கத்துல போனா விஷயம் வெளிய போயிடும். நீ சீட்டு ஒட்டிட்டுப் போன மறுநாள், திங்கக்கிழமை காலையில கதவைத் தட்டறா. திறந்தா கையில நாலு பொட்டலம், ஒரு துண்டு ரொட்டி, ஃபிளாஸ்க்ல வெந்நீர். 'நீதான் எதைக் குடுத்தாலும் குறை சொல்லுவியே, இதைச் சொல்லு பாப்போம். நாக்கை நீட்டு'ன்னா. இத்தனை வருஷமா என் நாக்கை அடக்குன்னு சொன்னவ."

"நீங்க நீட்டினீங்களா?"

"நீட்டாம? வாசல் வரைக்கும் வந்துட்டாளே."

ஒரு நாளைக்கு நாலு, அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் கேள்வி. முன் நாக்கா, அடி நாக்கா? வச்ச உடனே தெரியுதா, பத்து எண்ணினா வருதா? தொண்டையில நிக்குதா, விழுங்கினா போயிடுதா? அத்தை சொல்லச் சொல்ல அம்மா தன் பழைய நோட்டோடு ஒத்துப் பார்த்து, பொருந்தினால்தான் தாளில் கையெழுத்துப் போட்டாள். நடுவில் ரொட்டி, வெந்நீர். திங்கள் முதல் வியாழன் வரை பதினாறு. இருபது வருடம் நலம் விசாரிப்பதைத் தாண்டிப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், நாலு நாள் கசப்பைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார்கள்.

"மூணாம் நாள் பழம் நறுக்கிக் குடுத்தேன். சாப்பிட்டா. 'ருசி தெரியாது, ஆனா குளுகுளுன்னு இருக்கு'ன்னா" என்றாள் அத்தை. தூக்குப் பாத்திரத்தின் மூடியை அழுத்திச் சரிசெய்தாள்.

"வெள்ளிக்கிழமை பதினேழு. ஆடாதொடையாம், வாசாவாம். வாயில வச்சேன் பாரு. உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. பதினாறுக்கும் இதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. துப்பிட்டேன். 'அண்ணி, இது அது இல்ல, மீன் பித்தம் மாதிரி இருக்கு'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். உங்கம்மா முகம் அப்படியே மாறிடுச்சு."

நான் அப்பாவின் அறைக் கதவைப் பார்த்தேன்.

"'உனக்கு யார் சொன்னது அந்தப் பேரை?'ன்னு கேட்டா. எந்தப் பேரு அண்ணின்னேன். 'சும்மா நடிக்காதே, என்னைக் குத்திக்காட்டத்தான் சொல்ற. இது என் மக கணக்கு போட்டு ஒட்டினது. அவ கணக்கு தப்பாது'ன்னு பொட்டலத்தைச் சுருட்டிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டா. ஃபிளாஸ்க்கைக்கூட எடுக்கல. இன்னும் எங்க வீட்லதான் இருக்கு." அத்தை முந்தானையால் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "கடைசியா என்மேல கோவத்தோடதான் போனா. அது கிடக்கட்டும். எந்தப் பேருடி அது?"

"தெரியல அத்தை" என்றேன். என் சான்றிதழ்களில் இத்தனை துல்லியமாக நான் பொய் சொன்னதில்லை.

ஆனால் என் கணக்கைத் தவறு என்று சொன்னது உள்ளுக்குள் குத்தியது. அம்மா செத்து இரண்டு வாரம். எனக்கு அந்த நேரத்தில் பெரிதாகப் பட்டது என் கணக்கு. இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் அளவு அளவுதான்.

"இருங்க, நிரூபிக்கிறேன்" என்று பதினேழாம் புட்டியை எடுத்தேன். 'வாசா' என்ற சீட்டை நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் முதலில் ஒட்டிய பழைய சீட்டு. நிம்பம். என் அகரவரிசைப் பட்டியலை எடுத்து விரல் வைத்து எண்ணினேன். நிம்பம், பதினேழு.

"பாருங்க. பதினேழாவது சீட்டு இருக்கிறது பதினேழாவது புட்டி. கணக்கு சரிதான். உங்க நாக்கு அன்னைக்கு ஏதோ..."

"சரி" என்றாள் அத்தை. எனக்குத் தெரிந்த அத்தை இப்படிச் சுருக்கமாகத் தோற்பவள் இல்லை. "நீங்க படிச்சவங்க. என் நாக்கு எம்மாத்திரம். உங்கம்மாவும் அதைத்தான் சொன்னா." பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பாவின் சாப்பாட்டைத் தட்டில் போடும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவான சத்தம்.

நான் ஜெயித்துவிட்டுத் தனியாக நின்றேன்.

மேலாளருக்குக் கொடுக்க நினைத்த குறிப்பை எழுத உட்கார்ந்தேன். தாளின் ஓரத்தில், பதினேழுக்கு நேராக, அம்மா பென்சிலால் ஏதோ பொடியாக எழுதியிருந்தாள். கிட்டே வைத்தேன், தள்ளி வைத்தேன், படிக்க முடியவில்லை. கண்ணும் ஒரு கருவிதான். வருடக்கணக்காக யாரும் சரிபார்க்காத கருவி. அலமாரியில் அம்மாவின் கண்ணாடிக் கூடு இருந்தது. எடுத்துத் திறந்தேன்.

கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் நாலாக மடித்து இருந்தது. பிரித்தேன். மேல் பாதியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கசங்கிச் சுருண்டதை யாரோ பொறுமையாக நீவி, சமன் செய்து ஒட்டியது. ஓரத்தில் கொஞ்சம் தூசியும் ஒரு தலைமுடியும். நிம்பம் என்று இருந்தது.

இன்னொரு நிம்பம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் விரலிலிருந்து உதறிய சீட்டு. மேசைக்கு அடியில் எங்கேயோ கிடந்து, பெருக்கும்போது அவள் கையில் அகப்பட்டிருக்கிறது. அதை உதறிய பிறகு ஒவ்வொரு புட்டியும் அடுத்ததன் சீட்டை வாங்கிக்கொண்டது. கடைசியில் மொட்டையாக நின்றதற்குத்தான் நிம்பத்தை மறுபடி அச்சடித்து ஒட்டினேன். அவள் வரிசையில் கடைசி, கடுகரோகிணி. அதைத்தான் என் கணக்கு பதினேழாம் குழியில் வாசா என்று உட்கார வைத்திருந்தது. பதினேழு முதல் இருபத்து நான்கு வரை எட்டும் தப்பு. அத்தை நாக்கில் வைத்தது மீன் பித்தமேதான். பெயர் வைத்தவனுக்குப் பிறகு வாயில் போட்டுப் பார்த்து உண்மையைச் சொன்ன இரண்டாவது ஆள் அவள்.

அத்தை சமையலறையிலிருந்து, "ஃபிளாஸ்க்கை நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடறேன்" என்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்; பதினேழுக்கு நேராக 'கண்ணாடிக் கூடு' என்றுதான் பென்சிலால் எழுதியிருந்தாள். சீட்டுக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து, சாக்குகளில் எழுதிப் பழகிய பெரிய எழுத்து. சனிக்கிழமை என்று தலைப்பு. மூன்று வரி. முதல் இரண்டையும் அவளே அடித்திருந்தாள்.

தையல் ஊசி, கறுப்பு நூல்.

மின்சாரக் கட்டணம்.

நாத்தனார் வீட்டுக்குப் போகணும். பதினேழு அவ சொன்னதுதான் சரி. போன்ல வேண்டாம், நேர்ல சொல்லணும்.